முதலூராச்சியின் மூத்த மகன் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் அப்போதுதான் புரியும்.

தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துக்கு நாலைந்து மைல் தள்ளி ஒரு சின்ன ஊர். பனையும் கொஞ்சம் வாழையுமாகப் பிழைத்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். உங்கள் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, ஏழு பிள்ளைகளில் மூத்தவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் லீவுக்குப் போனபோது கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தீர்கள். அவருடைய தம்பி தங்கைகள் ஆறு பேரும் 1880களின் கடைசியிலிருந்து வரிசையாக இருக்கிறார்கள். அவர் மட்டும் இல்லை. அவரைப் பெற்றவளை ஊரில் 'முதலூராச்சி' என்பார்களே தவிர, யார் மகள் என்று தெரியாது. 'அப்படியானால் பூட்டனார் மூத்த தாரத்துப் பிள்ளையா, எடுத்து வளர்த்த பிள்ளையா? லண்டனில் மிஷனரி ஆவணங்களில் எல்லாம் இருக்கும் என்கிறார்களே, அங்கே எழுதிக் கேட்கலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பதிவுத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேரிக்காட்டில் பிறந்து, கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன். என் குடும்பத்தையும், கேட்டு வந்த இன்னும் சில குடும்பங்களையும் இப்படித் தோண்டிப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பூட்டனார் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் தப்பான ஊரில் தேடியிருக்கிறீர்கள். அது எந்த ஊர் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

லண்டன் கதையை முடித்துவிடுவோம். மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் ஊர். அந்த மிஷனின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனின் ஊர்கள்; அவற்றின் கட்டுகள் ஆக்ஸ்போர்டில், பாட்லியன் நூலகத்தில். கன்னியாகுமரிப் பக்கத்து எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி) சபைகளின் காகிதம்தான் லண்டனில், கிழக்கத்திய ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் இருக்கிறது. இவற்றில் யார் பெயர் வரும்? மிஷனரி பெயர், ஐயர் (குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) பெயர், ஊர்ச் சபையில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் பெயர், பள்ளிக்கூட வாத்தியார் பெயர். பனையேறியும் வாழை போட்டவனும் அங்கே வெறும் எண்ணிக்கை: 'இவ்வருஷம் ஞானஸ்நானம் பெற்றோர் இத்தனை பேர்.' உங்கள் வழியில் யாராவது உபதேசியாராக இருந்திருந்தால் எழுதிக் கேளுங்கள். சில சமயம் அவருடைய நாட்குறிப்பின் மொழிபெயர்ப்பே கிடைத்துவிடும். மற்றபடி பணத்தைச் சேர்த்து வைத்து ஊருக்கு பஸ் ஏறுங்கள்.

எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சபையின் முதல் பட்டியல் 1780-இல் எழுதப்பட்டது. அதில் இருந்தது 40 பேர், பாளையங்கோட்டையைச் சுற்றி இருந்தவர்கள். நாட்டுப்புறத்துக்குக் கிறிஸ்தவ வேதம் வந்தது அதற்குப் பிறகு, சத்தியநாதன் என்ற உபதேசியார் குருப்பட்டம் பெற்றதும் தாவீது சுந்தரானந்தம் தன் சொந்தக்காரர்களிடையே வேலை செய்யத் தொடங்கியதும் நடந்தபோது. புதிதாகச் சேர்ந்தவர்களால் பழைய ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சாத்தான்குளத்துக்கு அருகே நிலம் வாங்கி 1799-இல் குடியேறினார்கள். அதுதான் 'முதல் ஊர்', முதலூர். 1802, 1803-இல் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. 1816-இல் ஹஃப் பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வரும் வரை, 1820-இல் மிஷனரி ரேனியஸ் வந்து அமரும் வரை, அந்தச் சபைகள் உபதேசியார்மார் தயவில் எப்படியோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அந்தக் காலத்துச் சாமானியக் குடும்பத்துக்கு எழுத்தில் சுவடு கிடைப்பது அபூர்வம்.

ஆகவே ஒரு விவசாயக் குடும்பத்துக்கு நம்பகமான பதிவு 1830, 1840களில்தான் ஆரம்பிக்கும். மெஞ்ஞானபுரத்துக்கு ஜான் தாமஸ் ஐயர் வந்து 1870-இல் மறையும் வரை இருந்த காலம் அது. 192 அடிக் கோபுரத்தோடு அவர் எழுப்பிய கோயிலை நீங்களே பார்த்திருப்பீர்கள். இடையன்குடிக்கு கால்டுவெல் 1841-இல் வந்தார், சாயர்புரத்துக்கு ஜி.யு. போப் 1842-இல் வந்தார். இவர்கள் வந்த பிறகு ஏடு எழுதும் ஒழுங்கும் வந்தது. அடுத்த பெரிய அலை, தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி 1877, 1878-இல். உங்கள் குடும்பம் எந்த அலையில் வந்தது என்று தெரிந்தால் எந்த ஏட்டைத் திறப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

குடும்ப மலர்களை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். குடும்பச் சங்கமம் நடத்தி வண்ணத்தில் அச்சடித்த மலர் ஒவ்வொன்றிலும் முதலில் வேதத்துக்கு வந்தவர் பெருநிலக்கிழாராகவும், சிலசமயம் குறுநில மன்னரின் வாரிசாகவும் இருப்பார். நான் பார்த்த பதிவேடுகளில் அவரே 'தொழில்: பனையேற்று' என்று உட்கார்ந்திருப்பார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? விடியுமுன் நாற்பது பனை ஏறி இறங்கியவன் சேர்த்த காசில் எழுந்தவைதானே அந்தக் கோபுரங்கள்.

இனி பெயர்கள். வெளிநாட்டு வம்சாவளி மென்பொருளில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஆட்கள் பலர் அந்தக் கட்டத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் வி.எஸ். அசரியா, மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். முழுப்பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் ஐயர். 'அசரியா' என்று தேடிக்கொண்டே போனால் ஒரு தலைமுறைகூட மேலே ஏற முடியாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மகனுக்குத் தலைப்பெழுத்தாகும், அந்தத் தலைப்பெழுத்து அடுத்த தலைமுறையில் உதிர்ந்துபோகும். ஒவ்வொரு படியிலும் பெயர் முழுதாக மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒரு படி தாண்டி அதே பெயர் திரும்பி வரும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். மூத்த பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று எங்கள் பக்கம் வழக்கம். ஞானமுத்து மகன் தேவசகாயம், தேவசகாயம் மகன் ஞானமுத்து, அவன் மகன் திரும்பவும் தேவசகாயம். இதில் இன்னொரு சிக்கல்: ஞானமுத்துவுக்கு நாலு மகன்கள் என்றால் அந்த நாலு பேரும் தங்கள் பிள்ளைக்கு அப்பா பெயரை வைப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வயதில், 'ஞானமுத்து' இரண்டு மூன்று பேர் நடமாடுவார்கள். அவர்களைப் பிரித்தறியத்தான் ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்தது. உபதேசியார் வீடு, கிணத்தடி வீடு, மொட்டைப்பனையான் வகையறா. இந்த வீட்டுப்பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. முதலில் சேகரிக்க வேண்டியதும் இதுதான், ஏனென்றால் பதிவேடு காத்திருக்கும், ஆச்சிமார் காத்திருக்க மாட்டார்கள்.

பெயரைப் பார்த்தே சபையையும் ஓரளவு சொல்லிவிடலாம். யோவான், யாக்கோபு, பேதுரு, பவுல் என்றிருந்தால் சீர்திருத்தச் சபை. அதே ஆட்கள் கத்தோலிக்க வீட்டில் அருளப்பன், யாகப்பன், இராயப்பன், சின்னப்பன் ஆகிவிடுவார்கள். சூசை, சவரிமுத்து, அந்தோணி, மிக்கேல் வந்தால் கேட்கவே வேண்டாம். தேவசகாயம், ஞானப்பிரகாசம் போன்றவை இரண்டு பக்கமும் உண்டு. மிஷனரி பெயரையே பிள்ளைக்கு வைப்பதும் இருந்தது. கால்டுவெல், சார்ஜென்ட், ரேனியஸ் என்று பனங்காட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்தப் பெயர் பிறந்த காலத்துக்கும் வட்டாரத்துக்கும் ஒரு சிறு குறிப்பு. பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் பதிவில் பழைய பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 'சுடலைமுத்து என்ற சாமுவேல்' என்ற ஒரே வரி, கோயில் ஏட்டிலிருந்து அதற்கு முந்தைய காலத்துக்கு உங்களைக் கொண்டுபோகும் பாலம்.

பெண்களுக்கு ஊர் வைத்த பெயர் அவர்கள் பிறந்த ஊர். நாசரேத்தாள், சாத்தான்குளத்தாள், உங்கள் முதலூராச்சி. கட்டி வந்த வீட்டில் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட மறுத்ததால் பெயர் போனது, ஆனால் ஊர் தங்கிவிட்டது. தேடுகிறவனுக்கு அந்த ஊர்தான் வேண்டும்.

பதிவேடுகளுக்கு வருவோம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகள், திடப்படுத்தலுக்கு ஒன்று. பழைய ஏடு உங்கள் ஊர்க் கோயிலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சேகரம் (ஒரு குருவானவர் பொறுப்பில் உள்ள சபைகள்) பிரிந்து பிரிந்து புதுச் சேகரங்கள் ஆகும்போது பழைய புத்தகம் பெரும்பாலும் தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ. உருவானது, 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது, 2003-இல் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. இவ்வளவு மாற்றத்துக்கு நடுவில் ஏடு எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்தவர் பல இடங்களில் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டிதான். சேகர குருவானவரிடம் முறையாகக் கடிதம் கொடுங்கள், அனுமதி வாங்குங்கள். ஆனால் கோவில்குட்டி அண்ணாச்சியிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அறுப்பின் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் முந்தின வாரம் மட்டும் போய்விடாதீர்கள், உங்களைக் கவனிக்க அங்கே ஆளிருக்காது.

ஞானஸ்நான ஏட்டில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, பெற்றோர், தகப்பன் தொழில், வசிக்கும் ஊர் இருக்கும். அவசரத்தில் நாம் படிக்காமல் தாண்டும் இடம், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பெயர்கள். அவர்கள் தெருவில் போனவர்கள் இல்லை. பெரும்பாலும் தாய்மாமன், அத்தை, பெரியப்பா. ஒரு தம்பதியின் ஏழு பிள்ளைகளுக்கும் யார் யார் ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அந்த வீட்டின் சொந்தபந்தம் முழுக்க அந்தத் தாளில் வந்து உட்கார்ந்துவிடும்.

திருமண ஏடு அதைவிட நல்லது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒரு படிவமே வகுத்தது: மாப்பிள்ளை பெண் பெயர், வயது, முந்தைய நிலை (கன்னியா, விதவையா), தொழில், இருப்பிடம், இருவருடைய தகப்பன் பெயர். ஊர் மறந்துபோன மருமகளின் தகப்பன் பெயர் அங்கே மையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, இரண்டு கோயிலிலும் வாசித்திருப்பார்கள், ஆகவே ஒரு கோயிலில் ஏடு கரையான் தின்றுவிட்டது என்றால் அடுத்த கோயிலில் தேடலாம். வயதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சட்டம் முதலில் பெண்ணுக்கு 13, ஆணுக்கு 16 என்று கீழ்வரம்பு வைத்திருந்தது. பிறந்த தேதி யாருக்கும் தெரியாத காலத்தில், எழுதுகிறவர் பேனா வரம்புக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் இதே கதைதான்; சேர்க்கை நாளில் தலைமையாசிரியர் கணக்குப் போட்டு எழுதிய ஜூன் மாதத்தில்தான் பாதி ஊர் பிறந்திருக்கிறது. கோயில் தேதியும் பள்ளித் தேதியும் முரண்பட்டால் கோயிலை நம்புங்கள்.

கத்தோலிக்க வீட்டாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஞானஸ்நான ஏடு லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், நாலைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 1908-க்குப் பிறகு, ஒருவர் கல்யாணம் முடித்தால் அவர் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. எங்களுக்கு இல்லாத வசதி அது. எந்த ஊரில், யாரைக் கட்டினார் என்று அந்த ஓரக்குறிப்பே சொல்லிவிடும். மதுரை ஏசு சபையாரின் பழைய காகிதங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன.

கல்லறைத் தோட்டத்தை அதிகம் நம்பாதீர்கள். கல் வைத்தது வசதியுள்ள வீடு மட்டும். மற்றவர்களுக்கு மணல்மேடும் மரச்சிலுவையும். தேரி மணலில் அது எத்தனை ஆடிக்காற்றைத் தாங்கும்?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். விவசாயக் குடும்பம் என்பதால் உங்களிடம் இன்னொரு பெரிய ஏடு இருக்கிறது, அதை யாரும் வம்சாவளி என்று நினைப்பதில்லை. பத்திரக் கட்டு. கோயில் ஏடு யார் பிறந்தார் என்று சொல்லும். அந்தப் பிள்ளை பிழைத்ததா, பெரியவனாகி எங்கே இருந்தான், அவனுக்கு யாரெல்லாம் உடன்பிறப்பு என்பதைப் பத்திரம்தான் சொல்லும். பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஊர், மதம், சாதி, தொழில் எல்லாம் உண்டு. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முந்திய காகிதங்களில் நாடார் என்றிருக்காது, இன்று யாரும் விரும்பாத 'சாணார்' என்ற சொல் இருக்கும். கோபப்படாமல் படித்துக்கொள்ளுங்கள், தேடும்போது அந்தச் சொல்லையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் எனக்குப் பிடித்த இடம் நான்கெல்லை. 'இன்னார் விளைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, பாதைக்கு மேற்கு.' சாதாரணமாக வாசித்தால் வெறும் எல்லை. ஆனால் இந்தத் துண்டு நிலம் எப்படி வந்தது? ஒரு பெரிய விளையை அப்பன் நாலு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால் வந்தது. அப்படியானால் எல்லையில் இருக்கிறவர்கள் யார்? அண்ணன் தம்பிகள். அடுத்த தலைமுறையில் சித்தப்பா பெரியப்பா மக்கள். என் தாய்வழியில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து என்னை மூன்று வருஷம் குழப்பினார்கள். ஒரே ஊர், தகப்பன் பெயரும் ஒன்று. கடைசியில் ஒரு ஒத்திப் பத்திரத்தில், ஒருவர் நிலத்துக்குத் தெற்கெல்லையாக மற்றவர் பெயர் இருந்தது. ஒரே ஆள் தனக்குத்தானே எல்லையாக நிற்க முடியாதே! இருவரும் வேறு வேறு என்பதும், பங்காளிகள் என்பதும் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

நிலமே இல்லாத பனையேறிக்கும் காகிதம் உண்டு. பனை மட்டும் தனியாகக் கைமாறும். 'அதில் நிற்கும் பனை 40' என்று ஒத்திக்கும் பாட்டத்துக்கும் எழுதியிருப்பார்கள். சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போகாமல் எந்தக் காலத்தில் நம் ஊரில் ஒருவன் பத்திர ஆபீசுக்குப் போயிருக்கிறான்?

எல்லாவற்றிலும் மேலானது பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும். இங்கேதான் கிறிஸ்தவக் குடும்பமாக இருப்பது தேடுகிறவனுக்குக் கைகொடுக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1865-இல் வந்து பிறகு 1925-இல் மறுபடி இயற்றப்பட்டது. அதன்படி உயில் எழுதாமல் இறந்தவர் சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன் மகள் எல்லோருக்கும் சமம். ஊர் வழக்கத்தில் மகளுக்கு நகையும் சீரும் கொடுத்து அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் விளையை விற்கவோ அடகு வைக்கவோ போனால், வாங்குகிறவன் 'உன் அக்கா தங்கச்சி கையெழுத்து எங்கே?' என்பான். உடனே கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்து பெண்களை வரவழைத்து, 'இன்னார் குமாரத்தியும் இன்ன ஊர் இன்னார் மனைவியுமாகிய' என்று பெயர் எழுதி, விடுதலை வாங்குவார்கள். அந்த ஒரு வரியில் பெண்ணின் பெயர், தகப்பன், புருஷன், புகுந்த ஊர் நான்கும் வந்துவிடும். அவளுக்குப் பங்கு கொடுக்காமல் இருக்கப் போட்ட காகிதம், நமக்கு அவளைத் திருப்பித் தருகிறது. கன்னியாகுமரிப் பக்கம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்தது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை அந்தச் சட்டத்தின் நிழல் இருந்தது. அந்தப் பக்கத்துக் காகிதங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன கேட்பது? வில்லங்கச் சான்று இணையத்தில் கொஞ்ச காலத்துக்குத்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்குக் கையால் தேட மனுப் போட வேண்டும். நிலப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு, ஒன்று ஆட்கள் பெயர் வரிசையில், மற்றது சொத்து வரிசையில். உங்களிடம் சர்வே எண் இருந்தால் சொத்து அட்டவணை. இல்லையென்றால் பெயர் அட்டவணை, பொறுமை இருந்தால். உயில் பதிவாகியிருந்தால் அது மூன்றாம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு நகல் கேட்கலாம். கோயில் ஊர்ப் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் வேறாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். கடாட்சபுரம், சுவிசேஷபுரம், ஆனந்தபுரம் என்று மிஷன் வைத்த பெயரில் நிலக் கணக்கு கிடைக்காமல் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பாகம் பிரித்து எழுதிப் பதியாமல் விட்ட கூறுசீட்டு வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளையும் அப்படியே பாருங்கள். எத்தனையோ தாத்தாக்கள் பிள்ளைகள் பிறந்த தேதியை அங்கேதான் எழுதி வைத்தார்கள்.

தேதி படிக்க ஒரு சின்ன வழி. பழைய காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்குப் பின் என்றால் 825. எண்களும் தமிழெண்ணாக இருக்கலாம்: ௲௮௱௭௰௭ என்றால் 1877. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனம், அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். தாது வருஷம் 1876-இலும் வந்தது, 1936-இலும் வந்தது. பேரனும் தாத்தாவும் ஒரே பெயர், வருஷமும் ஒரே பெயர் என்றால் இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிவிடுவது ரொம்ப எளிது. நானே செய்திருக்கிறேன்.

படம் வரையும்போது மரம் மரமாக வராது. மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிய ஊர் இது. ஒரே ஆள் உங்களுக்கு அப்பா வழியில் பூட்டனாகவும் அம்மா வழியில் பூட்டனாகவும் வருவார். மென்பொருள் 'பிழை' என்று காட்டினால், உங்கள் குடும்பம் சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். 'அண்ணன்' என்று சொன்னால் கூடப்பிறந்தவனா, பெரியப்பா மகனா என்று கேட்டே எழுதுங்கள்.

திடீரென்று ஒரு கிளை அறுந்துபோனால் இலங்கையை நினையுங்கள். தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்காக 1854-இல் அங்கே ஒரு மிஷன் ஆரம்பித்தபோது உபதேசியார்மாரை அனுப்பியதே திருநெல்வேலிதான். நாசரேத்துக்குப் பக்கத்தில் என்றால் பிரகாசபுரத்தையும் நினையுங்கள். 1857-இல் சட்டாம்பிள்ளை தலைமையில் மிஷனை விட்டுப் பிரிந்து இந்துக் கிறிஸ்தவ சபை கண்டவர்களின் பிள்ளைகள் மிஷன் ஏட்டில் இருக்கமாட்டார்கள்.

சரி, உங்கள் பூட்டனார். பதிவேட்டில் தம்பி தங்கைகள் இருந்து மூத்தவன் மட்டும் இல்லாதபோது, உடனே 'மூத்த தாரத்துப் பிள்ளை' என்று முடிவு கட்டுவது தேவையில்லை. தலைப்பிரசவம் எங்கே நடக்கும்? பெண் பிறந்த வீட்டில். ஏழாம் மாதம் அழைத்துப் போனவர்கள், பிள்ளை பிறந்து மாதக் கணக்காகி, தாயும் பிள்ளையும் தேறிய பிறகே அனுப்புவார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கோயிலிலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்திருக்கும். அடுத்த பிரசவங்கள் புருஷன் வீட்டிலேயே நடந்ததால் மற்ற ஆறு பேரும் உங்கள் ஊர் ஏட்டுக்கு வந்தார்கள். மூத்தவர் மட்டும் அம்மாவின் ஊர் ஏட்டில் நிற்கிறார். நான் பார்த்த குடும்பங்களில் இது மூன்று முறை இப்படித்தான் முடிந்தது. எந்த ஊர் என்பதை உங்கள் வீட்டிலேயே நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், முதலூராச்சி என்று.

ஆகவே முதலூருக்குப் போங்கள். உங்கள் ஊர் ஏட்டிலுள்ள இரண்டாவது பிள்ளையின் பிறந்த தேதியிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய், ஞானஸ்நான ஏட்டில் தகப்பன் பெயரும், 'வசிக்கும் ஊர்' என்ற இடத்தில் உங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும் பதிவைத் தேடுங்கள். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் திருமண ஏட்டில் ஆச்சியின் தகப்பன் பெயர் இருக்க வேண்டும்; இல்லையென்றால் கல்யாணம் உங்கள் ஊரில் நடந்தது என்று கொண்டு அங்கே அதே வருஷங்களைப் பாருங்கள். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் பெயரையும் எழுதி எடுத்து வாருங்கள். அவர் ஆச்சியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிறகு உங்கள் வீட்டுப் பத்திரக் கட்டை அவிழ்த்து, சாட்சிக் கையெழுத்துகளில் முதலூர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.